பெயர் எழுதுகிற ஞாயிறு

சின்னவள் என் மடியில் தூங்கிவிட்டாள். இடது கால் மரத்துப்போய் வெகுநேரமாகிறது. அசைத்தால் எழுந்து அழுவாள், அழுதால் உபதேசியார் வேத வாசிப்பை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், பெண்கள் பக்கத்துத் தலைகள் எல்லாம் திரும்பும், எனக்கு முன்பாயில் உட்கார்ந்திருக்கிற மாடத்தியும் திரும்புவாள், பெற்றவள் அவளல்லவா, அழுகை கேட்டால் கழுத்து தானாகத் திரும்பும். அவள் திரும்ப வேண்டாம். அவள் முகத்தைப் பார்க்காமல் இந்தக் காலைப் பொழுதை ஓட்டிவிட்டால் எனக்குப் போதும். பிடரி தெரிகிறது, பரவாயில்லை, பிடரிக்குக் கண் இல்லை. கொண்டைக்குக் கீழே வியர்வை ஒரு கோடாக இறங்கிச் சேலை விளிம்பில் நிற்கிறது. நேற்று நான்தான் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். கை தாராளமாக விழுந்துவிட்டது, போகிறவள்தானே என்று நினைத்தேனோ என்னவோ, அப்படி நினைத்த புத்தியை விளக்குமாற்றால் அடித்தாலும் தகும். வருகிற ஞாயிறு வெள்ளைக்காரத் துரை ஐயா குதிரையில் வந்து ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறார். இன்று அதற்குப் பெயர் எழுதுகிற ஞாயிறு. வாசிப்பு முடிந்ததும் உபதேசியார் ஏட்டைத் திறந்து ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிடுவார். எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடும்போது, அவருக்கு முதலில் மாலையிட்டவள் யார் என்று கேட்பார். நான் எழுந்து, நான்தான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நான் சொன்னால் என் பெயர் அவர் பெயருக்குக் கீழே ஏறும், இளைய தாரமான மாடத்தி அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போவாள். ஒரு சொல்தான். ஊருக்கே தெரிந்த உண்மையை ஊர் நடுவில் சொல்வதற்கு நாக்கு ஏன் இப்படி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, காலையில் கஞ்சிகூட நன்றாகத்தான் குடித்தேன்.

இதெல்லாம் ராஜாக்களால் வந்த வினை. எங்கள் வீட்டுக்காரருடைய தம்பிகள் இரண்டு பேரும் முன்னமே சபையில் சேர்ந்து, புதுப் பெயர் வைத்துக்கொண்டு, ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். மூத்தவரான இவர் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்கும்படி ஆயிற்று. தம்பிகளுக்குப் பின்னால் நிற்பது அவருக்கு எப்படிப் பொறுக்கும், வண்டிப்பாதையில்கூட அடுத்தவன் மாடு முந்தினால் முகம் சுண்டிப்போகிற மனுஷன். ஆனாலும் இரண்டு பெண்டாட்டி வைத்திருக்கிறோமே, சேர்ப்பார்களோ மாட்டார்களோ என்று உள்ளுக்குள் ஒரு உதறல். அப்போதுதான் ஒருநாள் உபதேசியார் அந்த ஆட்டுக்கார ராஜாவின் கதையை வாசித்தார். அந்த ராஜாக்களின் பெயர்கள் என் நாக்கில் நிற்பதில்லை, சின்ன வயதில் ஆடு மேய்த்தவரை ஆட்டுக்கார ராஜா என்றும் அவருடைய மகனை ஞானி ராஜா என்றும் நானே வைத்துக்கொண்டேன். ஆட்டுக்கார ராஜாவுக்குப் பெயர் சொல்லி எழுதியதே எட்டுப் பெண்டாட்டி, எழுதாதது எத்தனையோ. அதோடு அவர் கடவுளின் மனசுக்கு ரொம்பப் பிடித்தவராம். இவர் அன்றைக்கு வண்டியை அவிழ்க்கக்கூட இல்லை, மாடு நுகத்தோடு நிற்க, வீட்டுக்குள் ஓடிவந்தார். "ஏ புள்ளயளா, ரெண்டு பேரும் இங்க வாங்க. இது நமக்குன்னே வந்த வேதம்லா! எட்டு பேரக் கெட்டுன ராஜாவையே சாமிக்குப் பிடிச்சிருக்கு, ரெண்டு பேரக் கெட்டுன என்னையா பிடிக்காது?" மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான், "அப்ப இன்னும் ஆறு பாக்கி இருக்கு, பொண்ணு பாக்கவா?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். மறுநாளே போய், படிக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆறு மாதம் வாரம் தவறாமல் படித்தோம். ஆறாவது மாதம்தான் உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார், அது அந்தக் காலம், ராஜாக்கள் செய்தது எல்லாம் நமக்கு முன்மாதிரி இல்லை, சபையில் ஒருவனுக்கு ஒருத்திதான், முதல் தாரம் இருக்கலாம், மற்றவளைத் தள்ளிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். வண்டி குடை சாய்ந்தபோதுகூட அப்படி முழிக்கவில்லை. அதற்குள் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, துரை ஐயாவிடமே கைகட்டி நின்று சம்மதம் சொல்லியாகிவிட்டது, பின்வாங்கினால் தம்பிமார் சிரிப்பார்கள். அப்புறம் நாலைந்து நாள் எங்கள் இரண்டு பேரிடமும் பேசவே இல்லை. மாட்டிடம்தான் பேசினார்.

ஞானி ராஜாவுக்கு எழுநூறு பெண்டாட்டி, அதோடு முந்நூறு வைப்பாட்டி. ஆக ஆயிரம். அதை வாசித்த அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் ஒரே சலசலப்பு. எனக்கு அந்த எண்ணிக்கை இன்னமும் உள்ளே போகாமல் தொண்டையிலேயே நிற்கிறது. ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தாலும் ஒருத்திக்கு மறுமுறை வருவதற்கு மூன்று வருஷம் ஆகிவிடுமே. மூன்று வருஷத்துக்கு ஒருதரம் தலை சீவிக் காத்திருந்தால், வருகிறவருக்கு இவள் யாரென்று தெரியுமா? யார் யாருக்கு அக்கா? எகிப்து ராஜாவின் மகளுக்கு மட்டும் தனி அரண்மனை கட்டிக்கொடுத்தாராம், அது மற்றவர்களுக்கு எப்படி எரிந்திருக்கும், நம் வீட்டில் ஒரு உலைமூடி மாறி வைத்தாலே இரண்டு நாள் முணுமுணுப்பு. அந்த ஆயிரம் பேரில் என்னை மாதிரி வயிறு திறக்காதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எழுதவில்லை. ஆயிரத்தில் ஒருத்தி என்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். நான் ஒருத்தியாக இருந்தேன், அதனால் எல்லாரும் கவனித்தார்கள். ஏழு வருஷம். ஏழாவது வருஷம் நானே மாடத்தி வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இந்த ஓலைக்கூரைக்குக் கீழே பொய் நினைக்கக்கூடாது என்கிறார்களே, அதனால் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: மூன்று பெண் பார்த்தேன், மூன்றிலும் அழகு குறைந்தவளைத்தான் எடுத்தேன். மாடத்திக்குப் பல் கொஞ்சம் எடுப்பு, தோள் எலும்பு துருத்தல், பிள்ளை பெறுகிற இடுப்பு மட்டும் இருந்தது. மாடு பிடிக்கிற மாதிரிதான் பார்த்தேன். இந்தப் பல்லைப் பார்த்து அவர் மயங்கமாட்டார், பிள்ளைகள் வரும், அவர் எனக்கே இருப்பார் என்று கணக்குப் போட்டேன். கணக்கு அப்படியே பலித்தது. அவர் மயங்கவில்லை. அவர் அவளை ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. அந்தப் பல் தெரிய அவள் சிரிக்கிற சிரிப்புக்கு நான்தான் பழகிப்போனேன். களத்துமேட்டில் வெயிலில் நிற்கும்போது "யக்கா, நீ நிழலுக்குப் போ, நான் புடைக்கேன்" என்று அவள் சுளகைப் பிடுங்கினால், அதைக் கேட்பதற்காகவே நான் இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் நிற்பேன்.

அதற்காகப் பொறாமை இல்லை என்று சொல்லவரவில்லை. மூத்தவள் பிறந்தபோது பேறு பார்த்தது நான்தான், கையில் வாங்கியது நான்தான், வாங்கிய அந்தக் கையாலேயே மாடத்தியின் வயிற்றில் குத்த வேண்டும்போல இருந்தது, குத்தவில்லை, நெய் உருக்கிக் கொடுத்தேன். இந்தச் சட்டம் வந்ததும் உபதேசியார் போன ஞாயிறு என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார், "பிரம்மசக்தி, உனக்கு நியாயம் கெடைக்குது பிள்ள. நீ சொன்னாப் போதும். பிள்ளையள் தகப்பனோட இருக்கட்டும், நீதான் வளக்கணும்." பிள்ளைகள். மூன்று பேரும். எனக்கு. அவர் சொன்ன மற்றது எதுவும் காதில் விழவில்லை. பன்னிரண்டு வருஷம் விரதம் இருந்தும் அரசமரத்தைச் சுற்றியும் கிடைக்காதது ஒரு ஏட்டில் ஒரு வரி எழுதினால் கிடைக்கும் என்கிறார். திங்கட்கிழமை மாவு இடிக்கும்போது நான் பாடிக்கொண்டிருந்தேன், பாடுகிறேன் என்று தெரிந்ததும் நிறுத்தினேன், நிறுத்தியதும் பக்கத்தில் மாடத்தி உலக்கையோடு நிற்பது தெரிந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. வாரம் முழுவதும் கேட்கவில்லை. அழுதிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டிருந்தால் இன்றைக்கு இந்த நாக்கு லேசாகப் புரண்டிருக்கும். வியாழக்கிழமை சுள்ளி பொறுக்கப் போனபோது, கீழே குனிந்தபடியே சொன்னாள், "யக்கா, சின்னவளுக்கு மூக்கு அடச்சா வலப்பக்கமாப் போடு. இடப்பக்கம் போட்டா இருமுவா. பயலுக்கு இடி இடிச்சாப் பயம், சொல்லமாட்டான், நீயாப் போய்ப் பக்கத்துல உக்காரணும். மூத்தவ கோவிச்சா வயித்துல ஒண்ணும் எறங்காது, நீ சோத்த வச்சிட்டு அங்க நிக்காத, தள்ளிப் போயிரு, அப்புறம் தின்னுருவா." நான் ம் என்றேன். எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான், நான் வளர்த்த பிள்ளைகள்தானே. தெரியாது என்று நினைத்தா சொல்கிறாள், ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். சுள்ளிக்கட்டு அன்றைக்கு மிகவும் கனத்தது.

சின்னவளை வலப்பக்கமாகத்தான் போட்டிருக்கிறேன். காது சூடாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை, தூக்கச் சூடு. உபதேசியார் பக்கம் புரட்டுகிறார். எனக்கு அந்தப் பத்துப் பேர் ஞாபகத்துக்கு வருகிறார்கள். வேண்டாம் என்றாலும் வருகிறார்கள், மாதக்கணக்காக வருகிறார்கள். ஆட்டுக்கார ராஜாவின் கதையில் ஒரே ஒரு மூச்சில் வாசித்துத் தாண்டிப் போனது அது. சொந்த மகனே எதிர்த்துக் கிளம்ப, ராஜா ஊரைவிட்டு ஓடுகிறார். ஓடும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பத்து வைப்பாட்டிகளை விட்டுவிட்டுப் போகிறார். மகன் வந்து, தான்தான் இனி ராஜா என்று ஊருக்குக் காட்டுவதற்காக, அப்பனின் பெண்டுகளைப் பலபேர் பார்க்க எடுத்துக்கொள்கிறான். ராஜாவின் பெண்டாட்டியை எடுத்தவன் ராஜா, அது அவர்கள் வழக்கம் போலிருக்கிறது, செங்கோல் எடுப்பது மாதிரி. பிறகு மகன் செத்தான், ராஜா திரும்பி வந்தார். வந்து அந்தப் பத்துப் பேரையும் ஒரு வீட்டில் அடைத்துக் காவல் போட்டார், சோறு போட்டார், அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. சாகும்வரை புருஷன் உயிரோடு இருக்கும்போதே தாலி அறுத்தவர்களாக இருந்தார்கள். நான் அன்றைக்குக் கையைத் தூக்கி, "அவிய என்ன தப்பு செஞ்சாவ?" என்று கேட்டேன். உபதேசியார், "தப்பு ஒண்ணும் எழுதல" என்றார். "வீட்டப் பாத்துக்கோன்னு சொன்னது ராஜாதானய்யா?" "ஆமா." "பின்ன?" அவர் புத்தகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மணி ஆயிற்று என்றார். அவருக்கும் தெரியவில்லை பாவம். ஓடியது ராஜா, வந்தது மகன், சண்டை போட்டதும் ஜெயித்ததும் அழுததும் ஆண்கள், கடைசியில் கதவு சாத்தப்பட்டது பத்துப் பெண்களுக்கு. அவர்களுக்கும் யாராவது ஒரு நல்ல மனுஷன் வந்து, உங்களுக்கு நியாயம் செய்கிறோம் என்றுதான் சொல்லியிருப்பான். மாடத்தியின் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கொட்டில் இருக்கிறது. அண்ணிக்காரி அவளை அங்கேதான் படுக்க வைப்பாள், எனக்குத் தெரியும், பெண் கேட்கப் போனபோதே அந்த அண்ணிக்காரியின் கண்ணைப் பார்த்தேன். சோறு கிடைக்கும். அடைத்து வைத்தவர்களுக்கும் சோறு கிடைத்தது.

"…ராஜாவானவன் தனக்கு அநேகம் பெண்டுகளைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதுன்னு கட்டளை இருக்கு" என்று உபதேசியார் இப்போது விளக்கிக்கொண்டிருக்கிறார். இது புதிது. "ராஜாக்கள் உண்டாகிறதுக்கு முன்னாலயே கொடுத்த கட்டளை. குதிரைய ஏராளமாச் சேக்காத, வெள்ளியும் பொன்னும் ஏராளமாச் சேக்காத, பெண்டுகளைச் சேக்காத. அதத்தான் அந்த ராஜாக்கள் மீறுனாங்க. மீறுனதுக்குத் தண்டனையும் வந்துது." ஆண்கள் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் தலையைக் குனித்துக்கொண்டார். புது வேட்டி கட்டியிருக்கிறார், கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை. குதிரை, வெள்ளி, பொன், பெண்டு. குதிரையிடம் யாரும் நீ சேராதே என்று சொல்லவில்லை. வெள்ளியிடம் சொல்லவில்லை. பெண்டுகளிடமும் சொல்லவில்லை. சொன்னது ராஜாவிடம். எனக்கு எங்கேயோ ஒரு முடிச்சு நகர்கிறது. மீறியது ராஜா. ஆயிரம் பேரைக் கட்டியது அந்த ஞானி. அந்த ஆயிரம் பேரில் ஒவ்வொருத்தியும் எத்தனை பேரைக் கட்டினாள்? ஒருவரைத்தானே. எகிப்துக்காரிக்கும் ஒரு புருஷன்தான், பெயரே தெரியாத கடைசிக்காரிக்கும் ஒரு புருஷன்தான். ஒருவனுக்கு ஒருத்தி என்கிற சட்டத்தை உடைத்தது ஒரே ஒரு ஆள். அதை நினைத்ததும் நிமிர்ந்துவிட்டேன், சின்னவள் சிணுங்கினாள், தட்டிக்கொடுத்தேன். அவசரப்படாதே பிரம்மசக்தி. நியாயம் இப்படி இருந்தால் உனக்குப் பிள்ளைகள் கிடைக்காது. மாடத்தி இருப்பாள், நீ அவர்களுக்குப் பெரியம்மையாகவே இருப்பாய், இடி இடித்தால் பயல் அவளிடம்தான் போவான். எனக்கு அந்தப் பிள்ளைகள் வேண்டும். வேண்டும் என்று நினைக்கும்போது நெஞ்சு நிஜமாகவே வலிக்கிறது, பொய் இல்லை. உபதேசியார் புத்தகத்தை மூடிவிட்டு ஏட்டைத் திறந்தார்.

முதலில் இரண்டு குடும்பத்தை எழுதினார். பிறகு, "தவசிமுத்து" என்றார். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "உம்முடைய முதல் தாரம் யாரு?" அவர் என்னையும் பார்க்கவில்லை, மாடத்தியையும் பார்க்கவில்லை. ஏட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, அந்தப் பிள்ளையே சொல்லட்டும். பிரம்மசக்தி, எந்திரி." மரத்த காலோடு எழுந்தேன், விழப்போனேன், பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். சின்னவள் தோளில் சாய்ந்துகொண்டாள். மாடத்தி திரும்பவில்லை. பிடரி மட்டும் இறுகியது.

"நான்தாம்யா மொதத் தாரம்" என்றேன். உபதேசியார் பேனாவை மையில் தோய்த்தார். "பொறுங்க. எழுதுறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். எனக்கு எத்தன புருஷன்?"

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்றார்கள். உபதேசியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்ன கேள்வி பிள்ள இது? ஒருத்தர்தான்."

"மாடத்திக்கு?"

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "…ஒருத்தர்தான்."

"அப்ப நாங்க ரெண்டு பேரும் சட்டத்துக்குள்ளதான இருக்கோம். ரெண்டு வச்சிருக்கது அவியதான். இப்பத்தான வாசிச்சிய, கட்டள ராஜாவுக்குன்னு. எங்க ரெண்டு பேரையும் எழுதுங்க. எங்க வீட்டு ராஜா நிக்கட்டும்."

"ஏட்டி!" என்றார் எங்கள் வீட்டுக்காரர். வண்டிப்பாதையில் கேட்கிற குரல். தம்பிமார் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், முதுகு முன்னமே தயாராகிவிட்டது. உபதேசியார் பேனாவை ஏட்டுக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மை உலர்ந்துவிட்டது, மறுபடியும் தோய்த்தார். "இத நான் துரை ஐயாகிட்ட கேக்கணும்" என்றார்.

"கேளுங்க. அவரும் வாசிச்சவருதான. கேட்டுச் சொல்லுற வரைக்கும் அவ எங்கயும் போகமாட்டா."

"பொம்பளையள மட்டும் எழுதி, புருஷன விட்டா…" என்று இழுத்தார். வாக்கியம் முடியவில்லை. கடைசியில் ஏட்டைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் பேனா இரண்டு தடவை வரியின் முதலுக்கு வந்தது, அது தெரிந்தது.

மாடத்தி பாயில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். முன்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், சத்தமில்லாமல், பல் தெரிய. சின்னவள் முழித்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு நான் பயந்தபடியே அம்மையின் மடிக்குத் தாவினாள். என் கை காலியாயிற்று. அது வலித்தது, வலிக்கும் என்று தெரிந்துதானே சொன்னேன். உபதேசியார் அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார். அவர்கள் எழுந்து வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார், உட்காரும் என்று அவருக்குச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.